வெர்னாவின் பெயரை நான் எடுத்துக்கொண்டது

அந்த எலுமிச்சை கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது தடவைதான் கை நீட்டுவது நம் மினசோட்டா வழக்கம், தெரியும். ஆனால் நீங்கள் வேலையாக வந்திருக்கிறீர்கள். உங்கள் ஷெரிஃப் ஆபீஸ் காபி கண்றாவியாக இருக்கும், இதையும் ஒரு வாய் குடியுங்கள்.

வெர்னா டொலெஃப்சன் என் அடுத்த வீட்டுக்காரி, இளம் வயதிலிருந்தே சிநேகிதி. அவள் போடும் வெள்ளரி ஊறுகாய்க்காகவே சர்ச் விருந்துக்கு வருகிறவர்கள் உண்டு. புருஷன் போன பிறகு அதையே தொழிலாக்கி, 'வெர்னா வீட்டு ஊறுகாய்' என்று மாநிலத்தில் கம்பெனி பதிவு செய்தாள். அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். செலவு கிடையாது, மறக்காமல் இருந்தால் போதும். டிசம்பரில் இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு தலைநகர் செயின்ட் பாலுக்குப் போவோம். பதிவு ஆபீஸ் கவுன்டரில் ஆர்வில் என்று ஒருவர். "வந்துட்டாங்கய்யா ஊறுகாய்ப் பொம்பளைங்க" என்பார். வேலை முடிந்ததும் நாங்கள் சூப் குடித்துவிட்டுக் கடை கடையாக ஏறி இறங்குவோம். எனக்கு வருஷத்திலேயே அதுதான் நல்ல நாள்.

அப்புறம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். ரொம்ப நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். வெர்னாவுக்குத்தான் திரையைக் கண்டாலே எரிச்சல். "நீயே பாத்துக்கடி மார்லிஸ். உன் ஈமெயிலையே குடுத்துடு, என்னைப் போட்டுப் படுத்தாத" என்றாள். கொடுத்தேன். சில வருஷம் ஒழுங்காகவும் செய்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அவளுக்கு நுரையீரல் கெட்டது. இந்தக் குளிர்காலத்தைத் தாண்டினாலும் அடுத்தது இங்கே தாங்காது, அரிசோனா பக்கம் போய்விடுங்கள் என்றார் டாக்டர். அங்கே மகள் சோல்வெய்க் இருக்கிறாள். சிகாகோவில் ஒரு கம்பெனி ஊறுகாயையும் பெயரையும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது. அந்தப் பணத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு, வசந்தத்தில் கையெழுத்து என்று பேசி முடித்துவிட்டாள். "உனக்கும் ஒரு ரூம் வெக்கிறேன்டி. அப்பப்ப வந்துட்டுப் போ" என்றாள். வந்துட்டுப் போவதாம். எனக்குச் சுருக்கென்றது.

அந்த டிசம்பரில் நான் புதுப்பிக்கவில்லை. நினைவூட்டி மெயில் வந்தது, அழித்துவிட்டேன். வெர்னா கேட்கவேயில்லை. உதவி செய்கிறவளிடம் 'செஞ்சியா' என்று கேட்பது நம் பக்கத்தில் மரியாதை இல்லை, உங்களுக்கே தெரியும். ஜனவரியில் கம்பெனி காலாவதியாகி, பெயர் சும்மா கிடந்தது. ஒரு ஏஜென்ட் விலாசத்தில், என் பெயர் வெளியே தெரியாமல், நான் பதிவு செய்துகொண்டேன். கையோடு டிரேட்மார்க்கும். அதற்கு லேபிளின் படம் கேட்டார்கள். வெர்னா எனக்குக் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த பாட்டிலையே அடுப்பு மேடையில் வைத்துப் படம் பிடித்தேன். இந்தப் பெயரில் வேறு யாருக்கும் உரிமை இல்லை என்ற இடத்தில் ஒரு டிக். ரொட்டி வேகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஆர்வில் முன்னால் நின்றிருந்தால் "வெர்னாம்மா எங்க?" என்று கேட்டிருப்பார், நானும் வெட்கப்பட்டுத் திரும்பி வந்திருப்பேன். கம்ப்யூட்டர் அப்படியெல்லாம் விசாரிப்பதில்லை.

சிகாகோக்காரர்கள் கையெழுத்துக்கு முன்னால் பதிவைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம், ஆனால் இழுக்கும் என்றார் வக்கீல். வெர்னா இதே சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

"நான் புதுப்பிச்சேன்டி. அந்த மிஷின் முழுங்கிடுச்சு போல" என்றேன்.

"உன்னைச் சொல்லலடி. எவன் இந்த வேலையப் பண்ணினான்? என் பேரையே எங்கிட்டேர்ந்து பிடுங்கிட்டானே!"

"நாசமாப் போறவன்" என்று நானும் சேர்ந்து திட்டினேன். மனதாரத்தான் திட்டினேன்.

சோல்வெய்க் போனில், "பணம் கிடக்குதும்மா, நீ கிளம்பி வா" என்று கெஞ்சினாள். "உன் சோபால வந்து விழுந்து கெடக்க மாட்டேன்" என்று வெர்னா மறுத்துவிட்டாள். மறுப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளை எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்?

அடுத்த குளிர்காலம் வந்தது. நான்தான் பார்த்துக்கொண்டேன். அவள் வாசல் பனியை வாரினேன், சூப் வைத்துக் கொடுத்தேன், ஆக்சிஜன் குழாயை மாட்டிவிட்டேன். ஒரு நாள் ஜன்னலைப் பார்த்தபடி, "அரிசோனால இப்ப வெயில் அடிக்கும்ல?" என்றாள். "அங்க தேள் இருக்கும்டி" என்றேன். சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நிற்கவேயில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

டிரேட்மார்க் படத்தில் என் அடுப்பு மேடையை அடையாளம் கண்டு சோல்வெய்க் உங்களிடம் சொல்லியிருக்கிறாள், சரி. டாக்டர் சொன்னது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்களே. தெரியும், தம்பி. அவளைக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். தெரிந்தேதான் செய்தேன். மோசடி என்றோ, அதைவிடப் பெரிய வார்த்தையோ, எது வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கடைசி மூச்சு வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அரிசோனாவுக்குப் போயிருந்தால், பாவம், அங்கே அவளுக்கு யார் இருந்திருப்பார்கள்?