சாம்பாரோடு போன செம்புப் பாத்திரம்

தலைமை ஏற்றிருக்கும் டாக்டர் குணசீலன் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பனியென்றும் பாராமல் பிள்ளைகளைத் தூக்கி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

என் பேரன் சந்திரமௌலி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். பேத்தி அனுசூயா பேச்சுப் போட்டியில் பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளையே வென்றுவிட்டாள். மூத்த மகள் சியாமளா பல்கலைக்கழகத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். இளைய மகன் ஜம்புநாதன்? விமானத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுச் செம்பு தட்டப் போனான்! சிரியுங்கள், சிரியுங்கள்.

லொங்குய்ய் என்கிற ஊரைத் தாண்டி ஒரு பண்ணை. தச்சர், குயவர், நெசவாளர் என்று கைத்தொழிலாளர்கள் கூடி வாழ்கிறார்கள். என்ன ஐயா, சம்பளமா? அதெல்லாம் இல்லை, சாப்பாடு உண்டு, பட்டறை உண்டு. அங்கே சேர வேண்டுமென்றால் தான் செய்த பொருளைக் காட்ட வேண்டும். அத்தனை பேரும் கை தூக்க வேண்டும்.

செம்பில் ஒரு குடம் செய்தான். தொழிற்சாலையில் சுத்தியல் தடம் தெரிந்தால் பொருளையே தள்ளிவிடுவார்களாம். அந்தப் பழக்கத்தில் தேய்த்தான், தேய்த்தான், முகம் தெரியத் தேய்த்தான்! அங்கே மூத்தவளான மதாம் கிளோதில்ட் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதைச் செய்தது மனிதனா, இயந்திரமா?" என்றாள். ஒரு கையும் உயரவில்லை.

விட்டானா? கைவேலை மாதிரித் தெரியட்டுமென்று அதே குடத்தில் பொட்டுப் பொட்டாகக் குத்தி மறுபடி எடுத்துப் போனான். "குடத்துக்கு அம்மை போட்டிருக்கிறதே!" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

வேலையும் இல்லை, இடமும் இல்லை. மருமகள் ரமா சொன்னாள்: "குடமெல்லாம் அப்புறம். ஞாயித்துக்கிழமை இருபது பேர் சாப்பிட வராங்க. சாம்பாருக்குப் பெரிய பாத்திரம் இல்ல. செஞ்சு குடுங்க."

செய்தான். சமையலறைக்குத்தானே என்று மேலே மெருகு போடவில்லை. உள்ளே ஈயம் மட்டும் பூசினான். அடித்த அடியெல்லாம் வரிசை வரிசையாக அப்படியே நின்றது.

மனக்கசப்பு வேண்டாமென்று ரமா மதாமையும் விருந்துக்கு அழைத்திருந்தாள். வந்தவள் பாத்திரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இதை ஏன் நீ கொண்டுவரவில்லை?"

"அது சாம்பார்ப் பாத்திரம், மதாம்."

"எடு! இன்று மாலையே காட்டலாம்."

ரமா கரண்டியோடு குறுக்கே நின்றாள். "பாதி சாம்பார் இருக்கு! பாத்திரம் போனா நானும் வருவேன்."

போனோம்! பாத்திரம், சாம்பார், ரமா, நான், எல்லாரும் ஒரே காரில்! ஊற்றினோம், உண்டார்கள். சேர்த்துக்கொள்ளலாமா என்று மதாம் கேட்டாள். தாய்மார்களே, ஒரு கையில் சோறு, மறு கை மேலே! உயராத கை ஒன்று உண்டா? இல்லை!

உழைத்த கையின் தடத்தை ஒளிக்காதீர்கள் பிள்ளைகளே, அது உங்கள் முகவரி!

அடுத்த மாதம் நான் சொந்த ஊரான கும்பகோணம் போகிறேன். படம் பிடிக்கும் தம்பி, ஊராருக்குக் காட்ட வேண்டும், பட்டறையில் ஜம்புநாதன் நிற்கிற மாதிரி புதிதாக ஒன்று எடுத்து அங்கே தபாலில் போட்டுவிடுப்பா. பொறுமையாகக் கேட்ட எல்லாருக்கும் நன்றி, வணக்கம்!