படத்தில் எட்டிப் பார்த்த சின்ன மேடு

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மூத்த மருத்துவர்களே, பிள்ளைகள் அப்படி என்னதான் படிக்கிறார்கள் என்று பார்க்கப் பேருந்து பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே, நாளை எக்ஸ்ரே அறைகளை ஆளப்போகும் என் இளைய பட்டாளமே! அனைவருக்கும் வணக்கம்.

தொடை எலும்பைப் பற்றிச் சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். உடம்பிலேயே நீளமான எலும்பைப் பற்றிச் சுருக்கமாகவா? சிரிக்கிறீர்கள்! தலைவர் மட்டும் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நம்மை நிற்கவைப்பது எது? நடக்கவைப்பது எது? நாலு பேர் முன்னால் நிமிரவைப்பது எது? இடுப்பெலும்பு! இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. முன்னால் கைகோத்து, பின்னால் முதுகுத்தண்டின் அடியைப் பற்றிக்கொண்டு, இரண்டும் ஒரு வளையமாகின்றன. வளையத்தின் இரு பக்கமும் கிண்ணம்; கிண்ணத்துக்குள் தொடை எலும்பின் உருண்டைத் தலை; தலைக்குக் கீழே சாய்ந்த கழுத்து. கழுத்து முடியுமிடத்தில் வெளிப்பக்கம் பெரிய மேடு. உள்பக்கம், பின்னால் பதுங்கினாற்போல் ஒரு சின்ன மேடு. அந்தச் சின்ன மேடு இருக்கிறதே, அது பொல்லாதது!

மேசையில் படுத்திருப்பவரின் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தால் அந்த மேடு படத்தில் துருத்திக்கொண்டு நிற்கும், கழுத்து குறுகிவிடும். பாதத்தை உள்பக்கம் திருப்பினால் அது ஒளிந்துகொள்ளும். கழுத்து முழுதாய்த் தெரியும். எவ்வளவு திருப்ப வேண்டும்? பதினைந்து பாகை! சபாஷ், பின்வரிசையே பதில் சொல்லிவிட்டது. தூங்குகிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்!

எங்கள் துறையில் ஒரு மாணவி. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பாள். 'தொணதொணப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் ஒரு தையல்காரம்மா வந்தார். நூல் டப்பாவை எடுக்க முக்காலியில் ஏறி, பக்கவாட்டில் விழுந்திருக்கிறார். நொண்டி நொண்டித் தன் காலிலேயே நடந்துவந்தார். அவசர அவசரமாய் ஒரு படம் எடுத்தார்கள். மருத்துவர் பார்த்தார்.

"எலும்பு நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்குப் போகலாம்மா."

தையல்காரம்மா செருப்பைத் தேடினார். தொணதொணப்பு திரையை விட்டு நகரவில்லை.

"சார், சின்ன மேடு வெளிய தெரியுது. பாதம் சாஞ்சிருக்கு. கழுத்தே சரியா விழலை சார்."

"நடந்துதானே வந்தாங்க?"

"நடந்துதான் வந்தாங்க சார். ஆனா தொடை இடுக்குல வலிக்குதுன்னு மூணு தடவை சொல்லிட்டாங்க."

மருத்துவர் பெருமூச்சு விட்டார்; ஆனாலும் சரியென்றார். தொணதொணப்பு அவரை மறுபடியும் மேசையில் படுக்கவைத்தாள்.

"அம்மா, பாதத்தை நீங்களே மெதுவா உள்ள திருப்புங்க. வலிச்சா விட்டுடுங்க."

"ஐயோ, உயிர் போகுதும்மா!"

இங்கேதான் கவனியுங்கள் பிள்ளைகளே! நல்ல படம் வேண்டுமென்ற ஆசையில் எத்தனை பேர் அந்தப் பாதத்தைப் பிடித்துத் திருப்பியிருப்போம்? திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒட்டிக்கொண்டிருந்த கழுத்து நழுவியிருக்கும். எலும்பின் உருண்டைத் தலைக்குப் போகும் ரத்தம் நின்றிருக்கும்! அவள் தொடவே இல்லை. அடிபட்ட காலை அப்படியே விட்டாள். நல்ல காலைத் தூக்கித் தாங்கியில் வைத்தாள். கருவியைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்து, கதிரைக் கிடைமட்டமாய் அனுப்பினாள்.

கழுத்தின் குறுக்கே ஒரு விரிசல்!

மருத்துவர் ஓடிவந்தார். "எந்திரிக்காதீங்கம்மா! அப்படியே படுங்க!"

அறுவைச் சிகிச்சை முடிந்து, மாதங்கள் கழிந்து, தையல்காரம்மா கைத்தடி இல்லாமல் எங்கள் அறைக்கு நடந்துவந்தார். அந்தப் படத்தைக் காட்டச் சொல்லி உற்று உற்றுப் பார்த்தார்.

"இவ்வளவு மெல்லிசா இருக்கே! ஊசியில நூல் கோக்குற எனக்கே தெரியலை. உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"நீங்க வலிக்குதுன்னு சொன்னீங்களேம்மா. அதனால தேடினேன்."

இதைத்தான் சொல்ல வந்தேன்! பாகையைப் படியுங்கள், மேட்டைப் படியுங்கள், கிண்ணத்தைப் படியுங்கள். ஆனால் மேசையில் படுத்திருப்பவர் 'வலிக்கிறது' என்றால், படம் என்ன சொன்னாலும் அவரை நம்புங்கள்! பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், மணியடிக்காமல் விட்ட தலைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்!