வறுத்த மண்

அக்கா: ...அதெல்லாம் அப்புறம். முதல்ல அந்தப் பேப்பர எடு.

தம்பி: சுத்தமாத்தானே இருக்கு? தினம் மாத்துறேன்க்கா.

அக்கா: சுத்தம் உனக்கு. அதுக்கு வழுக்கல். கால் ரெண்டு பக்கமும் விரிஞ்சு நீச்சலடிக்குது பாரு. நில ஆமைக்குட்டிக்குத் தரைன்னா நகத்துக்குப் பிடி கிடைக்கணும்.

தம்பி: மரத்தூள் போடச் சொன்னாங்க கடையில.

அக்கா: வாசனை அடிக்கிற மரமா இருந்தா அதோட நுரையீரலுக்கு ஆகாது.

தம்பி: அப்போ வெறும் மணல்?

அக்கா: இலையோட சேர்த்து மணலையும் முழுங்கும். நூல் மாதிரி குடல், அடைச்சுக்கும்.

தம்பி: எதுவும் ஆகாதுன்னா அந்தரத்துலதான் தொங்கவிடணும். எனக்குப் பழக்கந்தான், லிஃப்ட் மாதிரி.

அக்கா: அதான் பட்டன்னு பேர் வச்சியாக்கும்.

தம்பி: அளவப் பாரேன். லிஃப்ட் பட்டனவிட ஒரு சுத்து பெருசு, அவ்வளவுதான்... மூணு நாளா வாயே திறக்கலக்கா. கண்ணும் பாதி மூடியே கிடக்கு. புதன்கிழமைக்குள்ள தேறணும்.

அக்கா: அதென்ன புதன்கிழமை?

தம்பி: பயிற்சிக்கு அனுப்புறாங்கன்னு சொன்னேனே. ரெண்டு வாரம்.

அக்கா: இருபது வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்றவனுக்கு என்ன பயிற்சி?

தம்பி: புது மாடல்... நீ மண்ணக் கொட்டு. இரு, பெட்டிய இந்தப் பக்கம் தூக்கி வைக்கிறேன்.

அக்கா: நீ தூக்காத. நான் நகர்த்துறேன்.

தம்பி: ஏன், எனக்கென்ன?

அக்கா: ஒண்ணுமில்ல. உன் கை ஈரமா இருக்கு... இந்தா, ரெண்டு பங்கு தோட்ட மண்ணு, ஒரு பங்கு தென்னை நார்த்தூள். உரமோ பூச்சி மருந்தோ படாத மண்ணு.

தம்பி: என்னக்கா, முகத்துக்குப் போடுற பவுடரா? தும்மல் வருது.

அக்கா: தண்ணி ஊத்து.

தம்பி: ஊத்துறேன்... உள்ள இறங்க மாட்டேங்குதே. முத்து முத்தா மேலயே உருளுது.

அக்கா: ஓவன்ல வச்சுட்டேன்டா.

தம்பி: கேக் சுடுற ஓவன்லயா?

அக்கா: எங்க மண் பரிசோதனை லேப்ல. நூத்தஞ்சு டிகிரி, ஒரு நாள் முழுக்க. கட்டடம் கட்டுற இடத்துலேர்ந்து எந்த மண்ணு வந்தாலும் தண்ணிய மொத்தமா ஓட்டிட்டுத்தான் எடை போடுவோம். பழக்கத்துல கை அது பாட்டுக்கு வச்சிருக்கு.

தம்பி: பத்து மாடி தாங்குமான்னும் பாத்திருப்பியே?

அக்கா: சிரிக்காத. வெதுவெதுப்பா தண்ணி கொண்டு வா. கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சுப் பிசைஞ்சா வழிக்கு வரும்.

தம்பி: சப்பாத்தி மாவு கெட்டுது போ... இவ்வளவு போதுமா?

அக்கா: ஒரு பிடி எடுத்து இறுக்கு. சொட்டுதா?

தம்பி: இல்ல.

அக்கா: கையத் திற. உருண்டை நிக்குதா?

தம்பி: நிக்குது.

அக்கா: விரலால தட்டு.

தம்பி: உதிர்ந்துருச்சு.

அக்கா: அதுதான் கணக்கு. இப்போ ஒவ்வொரு பொடிக்கும் நடுவுல தண்ணியும் இருக்கு, காத்தும் இருக்கு. இனிமே தண்ணிய நாலு மூலையில மட்டும் ஊத்து. அடிக்கு இறங்கிடும். மேல காயட்டும், அடி ஈரமா இருக்கட்டும்.

தம்பி: எதுக்கு இவ்வளவு ஆழம்? ஒரு சாண் இருக்கு. அது ரெண்டு விரல் அகலம்.

அக்கா: விட்டுப் பாரு.

தம்பி: விட்டாச்சு... அசையல. மூக்க மண்ணுல வச்சுக்கிட்டு நிக்குது.

அக்கா: மோந்து பாக்குது. பேசாத.

தம்பி: ...முன்னங்கால். க்கா, தோண்டுது. ஒரு கால் பறிக்குது, இன்னொரு கால் தள்ளுது. மாத்தி மாத்தி...

அக்கா: ம்.

தம்பி: முட்டையிலேர்ந்து வந்தே ரெண்டு மாசந்தான். தாயப் பாத்ததே இல்ல. யாரு சொல்லிக் கொடுத்தது?

அக்கா: யாருமில்ல. தாய் முட்டைய மண்ணுக்குள்ள வச்சு மூடிட்டுப் போயிடும். இது கண்ணத் திறந்ததும் பாத்த முதல் முகமே மண்ணுதான்.

தம்பி: ஓடு மட்டும் தெரியுது... இப்போ அதுவும் இல்ல. நம்மளப் பாத்துப் பயமா?

அக்கா: பயமும் இருக்கும். ஆனா முக்கியமா தண்ணியக் காப்பாத்திக்குது. மூச்சு விட விட உடம்பு ஈரம் வெளிய போகுமில்ல? ஈர மண்ணுக்குள்ள இருந்தா அவ்வளவா போகாது. முதுகு ஓடும் மேடு பள்ளம் இல்லாம வழவழன்னு வளரும். இத்தனூண்டு உடம்பு, எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கு பாரு.

தம்பி: மேல் மண்ணு லேசா ஏறி இறங்குது... கைய வைக்கட்டுமா?

அக்கா: அழுத்தாம. தெரியுதா?

தம்பி: தெரியுதுக்கா. உள்ளங்கைக்கு அடியில யாரோ மெல்லத் தட்டுற மாதிரி... இந்த மண்ணா பத்து நிமிஷம் முன்னாடி பவுடரா இருந்துச்சு?

அக்கா: எனக்கே புல்லரிக்குதுடா. தினம் பத்து மூட்டை மண்ணு பாக்குறவ நான்.

தம்பி: ...திரும்ப மேல வருமா?

அக்கா: வரும்.

தம்பி: கீழ போன லிஃப்ட் வரலன்னா எனக்குப் போன் வரும். இதுக்கு யாருக்குப் போன் பண்றது?

அக்கா: யாருக்கும் வேண்டாம். சூடு வேணும்னா, பசிச்சா, தானா வரும். தோண்டிப் பாக்காம காத்திருந்தாப் போதும். கையக் கழுவிட்டு உக்காரு.

தம்பி: ...ஒரு மணி நேரமாச்சு.

அக்கா: மண்ணுக்கு ஒரு மணி நேரமெல்லாம் ஒரு கணக்கா?

தம்பி: க்கா. அங்க பாரு, விரிசல் விடுது. மூக்கு... மூக்கு நுனியில மண்ணு ஒட்டியிருக்கு.

அக்கா: கண்ணு முழுசாத் திறந்திருக்கு. அந்த இலையக் கிட்ட வை.

தம்பி: ...கடிச்சிருச்சு. சத்தம் கேக்குது.

அக்கா: ம். கேக்குது.

தம்பி: க்கா, ஒரு உதவி. புதன்கிழமையிலேர்ந்து தினம் ஒரு நடை வந்து ஈரம் பாத்துட்டுப் போ. என் பொண்டாட்டிக்கு இதத் தொடவே பயம்.

அக்கா: புதன்கிழமை மட்டும் முடியாது.

தம்பி: ஏன், லேப்ல வேலையா?

அக்கா: லேப்புக்கு லீவு சொல்லியாச்சு. காலையில ஆறு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நிக்கணும். உன் நெஞ்சத் திறக்கப் போறாங்கன்னு வியாழக்கிழமையே உன் பொண்டாட்டி போன் பண்ணி அழுதுட்டாடா. இல்லன்னா வெள்ளிக்கிழமை லேப்புக்குப் போயி, ஆமைக்குட்டி படுக்குற மண்ணத் தூக்கி ஓவன்ல வச்சிருப்பேனா நான்?