ராகு காலம் முடிந்ததும் வந்தவர்கள்

பெயர்: இராமாமிர்தம் பிரவீனன். வயது: 31. தொழில்: இணையத்தளப் பாதுகாப்பு. முகவரி: பதுளை நகரில் என் தந்தையின் ஜவுளிக் கடைக்கு மேல்மாடி. சொல்வது தமிழில், எழுதப்படுவதும் தமிழில்.

மண்சரிவு அபாயமுள்ள லயங்களில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் வீட்டுக்காணி கொடுப்பதற்கான இணையப் பதிவுத் தளத்தை நான் பராமரித்து வருகிறேன். முதலில் பதிபவருக்கே காணி என்பது விதி. நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருப்பது எனக்குத் தெரியும். தளத்தின் முகப்பில் உள்ள படம் அங்கே எடுத்ததுதான்.

பதிவு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. அந்தத் தோட்டத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. எல்லாம் சீராக இருப்பதாக மேலிடத்துக்கு அறிவித்தேன். அதன் பின்னர் ஒன்பது மணி ஆனவுடன் நமுனுகுல, கொழும்பு, கட்டார், குவைத் ஆகிய இடங்களிலிருந்து பல்லாயிரம் கோரிக்கைகள் ஒன்றாக வந்ததில் தளம் திணறியது. பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் குவித்து, உரியவர்களுக்குச் சேவை கிடைக்காமல் செய்வதைச் சேவைமறுப்புத் தாக்குதல் என்போம். நான் படித்த பாடத்தில் இருந்த வரைபடத்துக்கும் என் திரையில் தெரிந்ததற்கும் வித்தியாசம் இருக்கவில்லை.

அதன் பின்னர் வெளிநாட்டுக் கோரிக்கைகளை நிறுத்தினேன். அதன் பின்னர் வருவது மனிதரா இயந்திரமா என்று பார்க்கும் சோதனையை வைத்தேன். அது சில படங்களைக் காட்டி, தெருவோரத் தீயணைப்புக் குழாய் உள்ள படங்களைத் தொடச் சொல்லும். பெரும்பாலோர் தேறவில்லை. ஆகவே அவை இயந்திரங்கள் என்று முடிவு செய்தேன். அதன் பின்னர் ஒரே இணைய முகவரியிலிருந்து திரும்பத் திரும்ப வந்தவற்றை அடியோடு தடை செய்தேன். அந்த மலையில் இருப்பது ஒரே கைபேசிக் கோபுரம். அதன் கீழுள்ள கைபேசிகள் எல்லாம் என் தளத்துக்கு ஒரே முகவரியாகத்தான் தெரியும். இது எனக்குத் தெரிந்த விடயம். அப்போது நினைவுக்கு வரவில்லை.

தளம் சுகமானது. மேலிடம் பாராட்டியது. மாலைக்குள் காணிகள் அனைத்தும் வேறு இடத்தவர்களின் பெயரில் பதியப்பட்டு முடிந்தன.

அதன் பின்னர் பொலிசில் முறைப்பாடு செய்தேன். தாக்குதலுக்குக் கட்டளை பிறந்த இடம் அந்தத் தோட்டத்துக் கோயிலின் ஒலிபெருக்கி எனக் கண்டுபிடிக்கப்பட்டு, கோயில் செயலாளர் பொன்னையா கைது செய்யப்பட்டார்.

நேற்று, தாக்குதலுக்குப் பயன்பட்ட கருவிகளை அடையாளம் காட்டுவதற்காக சார்ஜன்ட் என்னைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். லயத்து வாசலில் பொன்னையாவின் மனைவி நல்லம்மா நின்றிருந்தார்.

“நீங்கதானா சார் அந்த கம்ப்யூட்டர் ஆளு?”

ஆமென்று சொல்லி, எத்தனை மிஷின் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

“தையல் மிஷினு ஒன்னு இருந்திச்சு. அதையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இந்தாங்க போனு. என்னமோ குழாய் படத்த தொடச் சொல்லுது. எங்க லயத்துக்கே ஒரு குழாய்தான் சார், அத காட்டவே மாட்டேங்குது. நான் மனுசியான்னு கேக்குது. ஆமான்னு எங்க அமுக்குறது?”

லயத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வெடிப்பின் மேல் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுக் கற்கள் வைக்கப்பட்டிருந்தன. என்னால் அடையாளம் காட்டக்கூடிய கருவி எதுவும் அங்கே இல்லை.

அதன் பின்னர் பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பி, அனுமதி பெற்று, கூண்டிலிருந்த பொன்னையாவிடம் ஏன் ஒன்பது மணி என்று கேட்டேன்.

“திங்கக்கெழமை ஏழரையிலருந்து ஒம்போது வரைக்கும் ராகு காலம் தம்பி. வீட்டு காரியத்த அதுல தொடங்குவாங்களா? ஒம்போது அடிச்சதும் எல்லாரும் ஒன்னா அமுக்குங்கன்னு காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுலயும் சொன்னேன், கோயில்லயும் சொன்னேன். கொழும்புல கடையில நிக்கிற புள்ளைங்க, வெளிநாட்டுல வேலைக்குப் போன பொம்பளைங்க, அவங்களயும் நமக்காக அமுக்கச் சொன்னேன். ஆளு கூட இருந்தா வேல சுருக்கா முடியும்னு நெனச்சேன். தீவாளிக்கு நாங்க துணி எடுக்கிற ஒங்க கடைய நீங்க எப்ப தெறந்தீங்க?”

எங்கள் கடையை நல்ல நேரம் பார்த்தே திறந்தோம். இந்தத் தளத்தையும் நான் ஞாயிற்றுக்கிழமையே நல்ல நேரம் பார்த்துத்தான் ஏற்றினேன். இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

பொன்னையாவை விடுவிக்குமாறும், பதிவை ரத்துச் செய்து மறுபடி திறக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். மலையில் நேற்றிலிருந்து மழை.

அப்படியானால் தாக்கியது யார் என்று பொலிஸ் பரிசோதகர் கேட்டார். யாரும் தாக்கவில்லை, பதிய வந்தார்கள் என்றேன். உங்கள் முறைப்பாட்டில் உள்ளபடி, உரியவர்களுக்குச் சேவை கிடைக்காமல் செய்த நபர் யார் என்று கேட்டார்.

நான் என்றேன்.

அப்படியே எழுதும்படியும் கேட்டுக்கொண்டேன். மேலே உள்ளது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எவரும் என்னை வற்புறுத்தவில்லை. இதில் எனக்குப் பாதகமாக உள்ளவையும் உண்மையே.

ஒப்பம்: இ. பிரவீனன்