சிவப்புத் துணி கட்டிய கம்பு

பெரம்பலூர் போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு நல்ல டீ கிடைக்கும் என்று நினைக்கவில்லை, சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். அதைக் குறையாகச் சொல்லவில்லை. எதிலும் குறை கண்டுபிடிப்பது என் மச்சான் அரியமுத்துவின் பழக்கம்.

நான் அணைக் காவலாள். எழுபத்து நாலில் அணை கட்டியபோது முழுகியது மச்சானின் ஊர். அவர் தங்கை செல்வம்மாளைத்தான் கட்டியிருக்கிறேன். ஊர் முழுகியும் அவர் வாய் முழுகவில்லை. வருஷக்கணக்காக என் வீட்டுச் சோற்றில் கை வைத்தபடி அதே பேச்சு.

"கண்ணக் கட்டி வுட்டாலும் எங்க வூட்டு வாசல்ல போயி நிப்பேன் மாப்ள. ஒன்ன மாதிரி மேட்டுக்காட்டானுக்கு அதெல்லாம் எங்க புரியப்போவுது."

கோடையில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும், சுற்றூர்க்காரர்கள் மூங்கில் ஊத்தாவைக் கவிழ்த்து மீன் பிடிப்பார்கள். முதல் ஊத்தாவை முழுகிய ஊர்க்காரர்தான் கவிழ்க்க வேண்டும் என்பது வழக்கம். அதனால் மச்சான் எல்லோருக்கும் முன்னே நடப்பார். தண்ணீருக்கடியில் அவர்கள் ஊர்க் கிணறு திறந்தபடி கிடக்கிறது. ஆட்கள் ஒதுங்கிப் போக அங்கே சிவப்புத் துணி கட்டிய கம்பை நடுவது என் வேலை.

இந்த வருஷம் அதைக் கொஞ்சம் தள்ளி நட்டேன். அவ்வளவுதான். யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு போகிறவருக்குக் கம்பு எதற்கு? அவர் சொன்னது நிஜமாக இருந்திருந்தால் இன்றைக்கு உங்களோடு டீ குடித்துக்கொண்டிருப்பார். ஆனால் அவர் கம்பை மட்டும் பார்த்து நடந்தார்.

தலை சட்டென்று மறைந்தது. பெரிய நீச்சல்காரர் என்று ஊரெல்லாம் அளந்து வைத்திருந்தார். நீச்சலே தெரியாது என்பது எனக்கும் செல்வம்மாளுக்கும் மட்டும் தெரியும். அவள் வீட்டில் மீனுக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் என்னைப் பார்த்தது.

"மூச்சுப் புடிச்சு வெளையாடுறாரு. பாத்துக்கிட்டே இருங்க, வருவாரு" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்வதற்கு நேரமாயிற்று.

தண்ணீர் வற்றியபின், கம்புக்கு முட்டுக்கொடுத்த கற்கள் இரண்டு இடத்தில் கிடப்பதைக் கவனித்தீர்களே, அது கெட்டிக்காரத்தனம். நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள். உடலை எடுத்த கையோடு கம்பைக் கிணற்றடியிலேயே திரும்ப நட்டுவிட்டேன். வேறு யாராவது தெரியாமல் விழுந்து செத்தால், அந்தப் பாவத்தை என்னால் தாங்க முடியாது, சார்.