அக்காவோட பை

காபியெல்லாம் வேணாம் சார். பனி கொட்டுறது நிக்கட்டும், காலையில ஆளனுப்புறோம்னு சொல்றீங்க. சரி, மலைக் காவலர் நீங்க, உங்களுக்குத் தெரியாததா. ஆனா எங்க அக்கா டெல்லா நேத்து மத்தியானமே கணவாயத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கியிருக்கணும். வண்டியோட காத்துக்கிட்டே இருக்கேன், ஆளக் காணோம் சார்.

அக்கா போட்டோவப் பாத்துட்டு, பை இவ்வளவு சின்னதா இருக்கேன்னு கேட்டீங்கல்ல? அது என் வேலைதான். பதினெட்டு வருஷமா இந்த சியரா மலையில நடக்குறேன், என் பை மொத்தமே நாலு கிலோ. பல் தேய்க்கிற பிரஷ்ஷோட பிடிய வெட்டிடுவேன். மேப்போட ஓரத்தக்கூட கத்தரிச்சிடுவேன். சிரிக்காதீங்க, பாரத்தக் கொறச்சு நடக்குற எங்காளுங்க எல்லாரும் அப்படித்தான். சமையல்கட்டுத் தராசுல நிறுத்துப் பாக்காம ஒரு சாக்ஸ்கூட உள்ள போகாது. ஏன்னா மனுஷன் பையில தூக்குறதெல்லாம் அவனோட பயத்தத்தான் சார். பசிக்குப் பயந்தவன் சோத்து மூட்டை தூக்குவான். மழைக்குப் பயந்தவன் ரெண்டு கூடாரம் தூக்குவான். அத எறக்கி வச்சுட்டா கால் தானா நடக்கும். எத்தன பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா?

அக்காவும் மத்ததெல்லாம் கேட்டா, ஒண்ணே ஒண்ணுல மட்டும் கேக்க மாட்டா. அவளுக்குக் குளிர்னாலே ஆகாது. தடியா ஒரு இறகுக் கோட்டு, நானூறு கிராம். செப்டம்பர்ல எதுக்குக்கா, நாலு நாளும் வெயில்னுதான போட்டிருக்கான்னு கிண்டல் பண்ணினேன். போடா, உன் தராசு வந்து என்னப் போத்திவிடுமான்னா. கிளம்புற அன்னைக்குக் காலையில, ரோட்டோரக் கடையில பான்கேக் தின்னுட்டே மறுபடியும் அதே சண்டை.

ஆமா சார், பையில என்னென்ன இருக்குன்னு எழுதின இந்தப் பட்டியல் அவ கையெழுத்துதான். இத வச்சுத்தான இன்னொரு ராத்திரி தாங்கிடுவான்னு சொல்றீங்க? நாலாவது வரியில இறகுக் கோட்டுன்னு இருக்கா? அத அடிச்சிடுங்க. அது என் வண்டிப் பின்சீட்டுல கிடக்கு. அவ கை கழுவப் போனப்ப நான்தான் பையிலேர்ந்து உருவிட்டேன். இறங்கி வந்ததும் எடுத்துக் காட்டி, பாத்தியா, இது இல்லாமலே வந்துட்டியேன்னு சொல்லணும்னு ஆச. இன்னும் மூணு மணி நேரம் வெளிச்சம் இருக்கு. கும்பிட்டுக் கேக்குறேன், இப்பவே அனுப்புங்க.

பையத் தூக்கினதும், என்னடா இன்னைக்கு லேசா இருக்குன்னு கேட்டா சார். உனக்குப் பழகிடுச்சுக்கான்னேன்.