மூன்றாம் கவுண்டரைத் தனியே தாங்கியவருக்கு

கொட்டாஞ்சேனை தந்த கொடையே! கோபம் அறியாக் குணக்குன்றே! முப்பத்தைந்து ஆண்டுகள் மூன்றாம் கவுண்டரில் முகம் சுளிக்காது நின்று, கொழும்பில் முகத்துவாரம் முதல் வெள்ளவத்தை வரை தமிழ்பேசும் மக்களுக்கெல்லாம் வாயாகவும் செவியாகவும் விளங்கிய எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர், திருமிகு கொன்ஸ்ரன்ரைன் சூசைதாசன் ஐயா அவர்களே! வணக்கம்.

ஆம், களஞ்சியப் பொறுப்பாளர். தங்கள் நியமனக் கடிதத்தில் உள்ள பதவி அதுதான். கடதாசிக் கட்டுகளைக் காத்து வழங்கவே இந்தப் பதிவுக் காரியாலயத்துக்கு வந்தீர்கள். வந்த முதல் வாரமே, சொல்ல மொழியின்றிக் கவுண்டரில் அழுதுகொண்டு நின்ற ஒரு தாயைக் கண்டு, கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் போய், அவர் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னீர்கள். அன்று அங்கே போனவர்தான், ஓய்வு பெறும் இன்றுதான் திரும்புகிறீர்கள். அந்த வேலைக்கு ஒரு சதமும் தங்களுக்குத் தரப்படவில்லை, தாங்களும் கேட்கவில்லை.

பொறுமையின் பேருருவே! தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று எழுதப்படுவதற்காக அடிவாங்கியவர்கள் எத்தனை பேர், வேலை இழந்தவர்கள் எத்தனை பேர், தலைமுறை தலைமுறையாகச் சண்டை பிடித்தவர்கள் எத்தனை பேர்! அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற சட்டம் எங்கள் காரியாலய வாசல்வரை வந்தது. மும்மொழிப் பெயர்ப்பலகையாக வெளியே தொங்கியது. உள்ளே மட்டும் வரவில்லை. உள்ளே வரத் தேவையில்லாதபடி தாங்கள் இருந்தீர்கள்.

துணைவியார் றஞ்சிதம் அம்மையாரின் சத்திரசிகிச்சைக்காகத் தாங்கள் லீவெடுத்த அந்த ஒரு வாரத்தை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்தில் இறந்துபோன மகனின் மரணச் சான்றிதழில் பெயர்ப்பிழையைத் திருத்த முகத்துவாரத்துப் பேச்சியம்மா வந்தார். சிங்களத்தில் எழுதி நீட்டிய தாளில், சொன்ன இடத்தில், கையெழுத்து வைத்தார். அது அவருடைய விண்ணப்பத்தை அவரே மீளப்பெறும் தாள். தாங்கள் திரும்பி வந்து, மேலிடத்தில் கெஞ்சி, அதைச் சரிசெய்து கொடுத்தீர்கள். அவர் தங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "ஐயா இல்லேன்னா நாங்க எங்க போறது சாமி" என்று அழுதார். தன்னை ஏமாற்றிய காரியாலயத்தின்மேல் அவருக்கு வந்திருக்க வேண்டிய கோபம் முழுவதும் தங்கள்மேல் பக்தியாகிப் போயிற்று. காரியாலயத்தில் ஒருவருக்கும் ஒரு கேடும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நாங்கள் முறைப்பாட்டு மனு எழுதினோம். காலியாகவே கிடக்கும் தமிழ் அலுவலர் இடங்களை நிரப்புங்கள் என்று கேட்டோம். கணக்குப் பிரிவிலிருந்து மேனகாவும் கஜேந்திரனும் ஒப்பமிட்டோம். பக்கத்துக் கவுண்டரில் இருந்த, தமிழில் ஒரு வசனமும் பேசத் தெரியாத இனோக்கா, "இது நியாயம்" என்று சொல்லி ஒப்பமிட்டார். அதற்காகவே கோப்பறைக்கு மாற்றப்பட்டார். தாங்கள் பேனாவைக் கையில் வாங்கவே இல்லை. "ஏன் பிள்ளையள் வீண் கரைச்சல்? நான் இருக்கிறன் தானே!" என்றீர்கள்.

பதில் வந்தது. தமிழில் சேவையாற்றத் திறமைமிக்க அலுவலர் ஒருவர் ஏற்கெனவே இருப்பதால் புதிய நியமனத்துக்கு அவசியமில்லை என்றது அந்தப் பதில். தங்கள் பெயரும் அதில் மரியாதையாகவே எழுதப்பட்டிருந்தது. சட்டத்தை மீறுவோர் காட்டிய ஒரே சாட்சி தாங்கள்தான், ஐயா! கெட்டவர் ஒருவர் குறுக்கே நின்றிருந்தால் எதிர்த்து நின்றிருப்போம். தங்களை எதிர்த்து எப்படி நிற்பது? எங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் இரவில் தொலைபேசியில் விசாரிப்பவர், கொண்டுவந்த இறால் பொரியலைப் பங்கிட்டுவிட்டு வெறும் சோறு சாப்பிடுபவர். தங்கள்மேல் எங்களுக்கு அன்பு உண்டு. கோபமும் உண்டு, அது சின்னக் கோபமல்ல. புகழ வேண்டிய மடலில் இதை எழுத மனம் வலிக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் வலிக்கும்.

இன்று காலை மற்றொன்று கேள்விப்பட்டோம். ஓய்வு பெற்றாலும் வாரத்தில் மூன்று நாட்கள், பஸ் காசுக்கும் பகல் சாப்பாட்டுக்கும், "சும்மா உதவிக்கு" வந்து போகும்படி பணிப்பாளர் கேட்டாராம். தாங்கள் தலையாட்டினீர்களாம்.

வேண்டாம், ஐயா! தாங்கள் இல்லாவிட்டால் அடுத்து எங்களைக் கவுண்டருக்கு அழைப்பார்கள். போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டோம். எங்கள் சம்பளம் கணக்குப் பார்க்கத்தான். கவுண்டருக்குத் தமிழ் அலுவலரை நியமிப்பது அரசின் கடமை. திங்கட்கிழமை வருகிறவர்களை வீட்டுக்குப் போகவும் சொல்லமாட்டோம். பணிப்பாளரின் அறை வாசலில் வரிசையாக நிற்கச் சொல்லி, நாங்களும் கூட நிற்போம். அன்று சிலருக்கு வேலை நடக்காது, எங்களைத் திட்டுவார்கள், விசாரணையும் வரலாம். தெரிந்தேதான் இறங்குகிறோம். அந்த நேரத்தில் தாங்கள் புன்னகையோடு உள்ளே வந்தால், வரிசை நொடியில் கலைந்து தங்களிடம் ஓடும். எங்களைத் தோற்கடிக்கப் பணிப்பாளருக்கு வேறொன்றும் தேவைப்படாது.

தாங்களும் றஞ்சிதம் அம்மையாரும் நோயின்றி, குறையின்றி, பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு வாழ வேண்டும்! காலையில் ஆறுதலாகத் தேநீர் குடித்து, மாலையில் கடற்காற்று வாங்கி, இத்தனை வருடங்கள் ஊராருக்குக் கொடுத்த நேரத்தையெல்லாம் வீட்டாருக்குக் கொடுத்து மகிழ வேண்டும்! இந்த வாழ்த்தில் கசப்பு ஒரு துளியும் இல்லை.

இந்த மண்டபத்தில் தமிழ் விளங்குவோர் மிகச் சிலர். மற்றவர்கள் தங்களை வானளாவப் புகழ்கிறோம் என்று நினைத்துத் தலையசைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாசித்து முடிந்ததும் பணிப்பாளர் தங்கள் பக்கம் சாய்ந்து, என்ன சொன்னார்கள் என்று சிங்களத்தில் கேட்பார். "நல்ல விசயம்தான் சேர்" என்று சிரித்து முடிப்பது தங்கள் வழக்கம். எத்தனையோ பேரின் கோபத்தை அப்படித்தான் பணிவாக மாற்றி மேலிடத்துக்குக் கொடுத்தீர்கள். இன்று அப்படிச் செய்யாதீர்கள், ஐயா. எழுந்து நின்று, ஒரு சொல் குறைக்காமல், ஒரு சொல்லையும் இனிப்பாக்காமல், நாங்கள் சொன்னதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சொல்லி முடிக்கும்வரை தங்கள் அருகில் நிற்கும்,
மேனகா, கணக்குப் பிரிவு
கஜேந்திரன், கணக்குப் பிரிவு
இனோக்கா, கோப்பறை (வாசித்துப் பொருள் சொல்லக் கேட்டு ஒப்பமிட்டது)